பூட்டில்லாக் கதவும் புரியாத சொல்லும்

சாமளாபுரத்துத் தறிக்கூடங்களில் உழைப்போர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஓடுகின்ற விசைத்தறியில் ஊடைநூல் அறுந்துவிட்டால் தறி தானே நின்றுவிடும். தறிக்காரர் அயர்ந்திருக்கலாம்; பக்கத்துத் தறியில் தார் மாற்றிக் கொண்டிருக்கலாம். அவர் கண் காணாததை ஊடையைத் தொட்டு உணரும் கவை போன்ற சிறு கம்பி கண்டுகொண்டு தறியை நிறுத்திவிடும். ஒரு முழத் துணி கெடக்கூடாதே என்று மாந்தன் அமைத்த காவல் அது. முழத் துணிக்கு இருக்கின்ற இக் காவல், தமிழ்நாட்டு இருப்புப்பாதைக் கடவுகள் பலவற்றில் பள்ளிப் பிள்ளைகளின் உயிர்க்கு இல்லை. இதனை எத்தனைத் தமிழர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர்?

சாமளாபுரம் நொய்யற்கரை ஊர். பல்லடம் வட்டத்துப் பேரூராட்சி. (ஊர்ப்பெயரில் வடமொழி குடியேறிய கதை தனியே எழுதற்குரியது.) ஊரார்க்கு அண்மையிலுள்ள தொடர்வண்டி நிலையம் சோமனூர். ஈரோட்டிலிருந்து கோவை செல்லும் பாதையில் திருப்பூரை அடுத்தது வஞ்சிபாளையம். அதனை அடுத்தது சோமனூர். சங்ககிரிக்கும் போத்தனூருக்கும் இடையே 1862-இல் வெள்ளையன் திறந்த பாதை இது. நூற்றறுபது ஆண்டுகட்கு மேலாக இவ்வூர்களின் ஊடே தண்டவாளம் கிடக்கின்றது. பெரும்பாலான விரைவு வண்டிகள் சோமனூரில் நில்லா. நில்லாத வண்டிக்கு ஊர் நின்று வழிவிட வேண்டும்; வழிவிடும் ஊரோடு பேசுதற்கு மட்டும் வண்டித்துறைக்கு மொழி வேண்டா! 2007 நவம்பரில் சேலம் கோட்டம் அமையும் வரை இக் கொங்குநாட்டுப் பாதை பாலக்காட்டுக் கோட்டத்தின் ஆளுகையில் கிடந்தது. கேரளத்தின் எதிர்ப்பை மீறியே அக் கோட்டத்தைப் பெறவேண்டியிருந்தது. கோட்டம் வந்தது, கோட்டத்தோடு தமிழ் வந்ததா?

மக்கள் 'கேட்டு' என்று வழங்கும் கடவுக் கதவு இருவகைப்படும். ஒன்று இணைபூட்டு உடையது; மற்றொன்று அஃது இல்லாதது. இணைபூட்டுள்ள கடவில், கதவு அடைபட்டுப் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி வண்டிக்கு வழி தராது. கதவு திறந்திருக்குமாயின் கைகாட்டி செவ்விளக்கிலேயே நிற்கும். ஓட்டுநரும் வண்டியை நிறுத்துவார். சாமளாபுரத்துத் தறியில் ஊடைக் கம்பி செய்யும் வேலையை இங்கே இணைபூட்டுச் செய்கின்றது.

இணைபூட்டில்லாத கடவில் நடப்பது வேறு. நிலையத் தலைவர் தொலைபேசியில் கடவுக் காப்பாளரைக் கூப்பிட்டு, இன்ன வண்டி வருகின்றது என்பார். காப்பாளர் கதவை அடைத்துவிட்டுத் தம்மிடமுள்ள பட்டியலிலிருந்து ஒரு மறைவெண்ணைச் சொல்வார். நிலையத் தலைவர் அவ்வெண்ணை ஏட்டிற் பதிந்துகொண்டு வண்டியை விடுவார். கதவுக்கும் கைகாட்டிக்கும் இடையே கம்பியும் இல்லை, மின்னோட்டமும் இல்லை. ஒரு வாய்ச்சொல் மட்டுமே உண்டு. அச் சொல் பொய்யானாலும் பிழையானாலும் புரியாமற் போனாலும் வண்டி வந்தே தீரும்.

வந்தது. 2025 சூலை 8-ஆம் நாள் காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற வண்டி பள்ளி ஊர்தி ஒன்றின்மேல் மோதியது. பிள்ளைகள் மூவர் மாண்டனர். அக் கடவு இணைபூட்டு இல்லாதது. கதவை அடைக்கும்போது ஊர்தி ஓட்டுநர் தம்மை விடுமாறு வற்புறுத்தினார் என்பது தொடர்வண்டித் துறை முதலில் விட்ட அறிக்கை. பிணம் எடுக்கப்படுமுன் பழியைப் பிறர் தலையில் ஏற்றுவதில் அத்துறைக்கு இருக்கும் விரைவு அதன் வண்டிகளுக்கு இருந்தால் நன்று! கதவு திறந்தே கிடந்தது என்று உயிர் தப்பியோர் கூறினர். காப்பாளர் பணிநீக்கலுக்கு உள்ளாகித் தளையிடப்பட்டார். அவர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர், அதனாலேயே இது நேர்ந்தது என்று ஊரார் கொதித்தனர்.

அக் கொதிப்பில் முறையுண்டு. ஆயினும் மெய்யை மறைத்து வழக்காடுதல் தமிழர்க்கு அழகன்று. திறந்த கதவைத் திறந்தபடியே விட்டவர் தமிழராக இருந்திருந்தாலும் அப் பிள்ளைகள் மாண்டிருப்பர். செம்மங்குப்பத்தில் முதற்குற்றம் பூட்டின்மையே. அதற்கு விடையிறுக்க வேண்டியோர் பூட்டை இடாத பெரியோர். பூட்டில்லாக் கதவடியில் உட்கார்த்தப்பட்ட கூலியாளோடு கணக்கை முடித்துவிட அவர்கள் பார்க்கின்றனர். அங்கே சுரங்கப்பாதை அமைக்க மாவட்ட ஆட்சியர் ஓராண்டாக இசைவு தரவில்லை என்று தொடர்வண்டித் துறை மற்றோர் அறிக்கையும் விட்டது. நடுவணரசின் துறை மாநில அரசின் அலுவலரைக் காட்டுகின்றது. இருவர்க்கும் இடையில் கிடந்தது திறந்த கதவு.

பூட்டு ஏன் இல்லை? இதற்குத் துறை வைத்திருக்கும் கணக்கு வியக்கத்தக்கது. ஒரு நாளில் கடவைக் கடக்கும் தொடர்வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலை ஊர்திகளின் எண்ணிக்கையாற் பெருக்குவர். பெருக்குத்தொகை 20,000-ஐ எட்டினால் இணைபூட்டு. ஓர் இலக்கத்தை எட்டினால் மேம்பாலம். நாற்பது வண்டியும் முந்நூறு ஊர்தியும் கடக்கும் கடவின் தொகை 12,000. ஆகவே அங்குச் செல்லும் பிள்ளைக்குப் பூட்டு வேண்டா என்பது பொருள்! செம்மங்குப்பத்துச் சாவுக்குப் பின்னர் நடுவண் அமைச்சர் பதினொரு நடவடிக்கைகளை அறிவித்தார். 20,000 என்பது 10,000 ஆகக் குறைக்கப்படும் என்பது அவற்றுள் ஒன்று. மூன்று குழந்தைகளின் உயிரை ஈடாகப் பெற்றுக்கொண்டு வரம்பு பாதியாயிற்று. இருபது வண்டியும் நானூறு ஊர்தியும் கடக்கும் சிற்றூர்க் கடவின் தொகை 8,000. அவ்வூரார் புதிய வரம்புக்கும் புறத்தே நிற்கின்றனர். அவர்கள் இன்னும் எத்தனைப் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும்? எல்லாக் கடவுகளிலும் கண்காணிப்புப் படக்கருவி பொருத்தப்படும் என்பதும் அவ் அறிவிப்பில் உண்டு. படக்கருவி நடந்ததைக் காட்டும், நடப்பதை நிறுத்துமா? ஊடை அறுவதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தறியை ஓடவிடும் தறியுடைமையாளர் எவரும் சோமனூர் வட்டாரத்தில் இல்லை.

பூட்டு வந்துவிட்டால் மொழிச் சிக்கல் தீர்ந்துவிடுமே என்பர் சிலர். தீராது. பொறி பழுதுபடும், கைகாட்டி கெடும், ஊர்தி இடித்துக் கதவு வளையும். அந்த நிமையமே வேலை மீண்டும் வாய்ச்சொல்லுக்கு வந்துவிடும். நூற்சுமை ஏற்றிய ஊர்தி தண்டவாளத்தின் நடுவே நின்றுவிட்டதாகக் கொள்வோம். காப்பாளர் நிலையத்திற்குச் சொல்லவேண்டும், செங்கொடி காட்டவேண்டும், வண்டி வரும் திசையில் ஓடி 600 மீட்டரில் ஒன்றும் 1,200 மீட்டரில் மூன்றுமாகத் தண்டவாளத்தின்மேல் வெடிகளை வைக்கவேண்டும். எந்தப் பக்கம் முதலில் ஓடுவது? ஊர்தியைத் தள்ளிவிட முடியுமா, முடியாதா? இவற்றை அவர் அறிவது ஊர்தியில் வந்தவரின் வாயிலிருந்து. "அச்சு முறிஞ்சு போச்சுங்க, வண்டி நகராதுங்க" என்று கொங்குத் தமிழில் கதறும் ஓட்டுநரின் சொல் அவர்க்கு வெறும் ஓசையாகப் பட்டால், எஞ்சியிருக்கும் சில நிமையங்களும் கையசைப்பிலேயே கழியும்.

பாதையோரத்து மஞ்சட் பலகைகளைப் பாருங்கள். கடவு வருகின்றது, ஊதுக என்று ஓட்டுநர்க்கு அறிவிக்கும் அப் பலகைகளில் ஆங்கிலத்தில் 'டபிள்யூ, எல்' என்று இருக்கும். இந்தியில் 'சீ, பா' என்று இருக்கும். 'சீட்டி, பாட்டக்' என்னும் இந்திச் சொற்களின் முதலெழுத்துகளாம் அவை! நடுவணரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி நெறிமுறைகள் தமிழ்நாடு நீங்கலாக ஏனைய பகுதிகட்கே பொருந்தும் என்று அந் நெறிமுறைகளின் முதற்பகுதியே கூறுகின்றது. 1965-இல் இந்நிலம் சிந்திய குருதியை அறிந்து எழுதப்பட்ட விலக்கு அது. தாளில் விலக்கு, தண்டவாளத்தில் திணிப்பு!

சொல் புரியாமையால் என்ன நேரும் என்பதைத் திருமங்கலம் காட்டிற்று. 2019 மே திங்களில், மதுரையை அடுத்த திருமங்கலத்திற்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் விடப்பட்டன. நிலையத் தலைவர் இருவருள் ஒருவர் தமிழர், மற்றவர் வடவர். ஒருவர் சொன்னது மற்றவர்க்கு விளங்கவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. மோதுமுன் வண்டிகள் நிறுத்தப்பட்டன. இதிலிருந்து தென்னகத் தொடர்வண்டித் துறை கற்ற பாடம் யாது? தமிழ்நாட்டில் பணியாற்றுவோர் தமிழ் கற்கவேண்டும் என்பதன்று. அடுத்த திங்களே, நிலையத் தலைவர்களும் கட்டுப்பாட்டு அறையினரும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசவேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. நோய்க்கு மருந்து கேட்டால் நோயாளியின் நாக்கை அறுக்கும் மருத்துவம் இது. எதிர்ப்பு எழுந்ததும் அவ்வறிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. மீட்டவர்கள் அதற்கு மாற்றாகத் தமிழைக் கட்டாயமாக்கி ஒரு வரி எழுதினார்களா?

தொடர்வண்டி நாடு முழுதும் ஓடுவது, அதற்கு ஒரே மொழிதான் இயலும் என்று சொல்லும் மேதைகள் சற்றே மேற்கே நோக்கட்டும். பெல்சியத்தில் பெக்ரோ என்னும் ஊரருகே 2001 மார்ச்சு 27-ஆம் நாள் இரு வண்டிகள் மோதி எண்மர் மாண்டனர். தவறான தடத்தில் ஒரு வண்டி வருகின்றது என்பதைப் பிரெஞ்சு பேசும் ஒரு நிலையத்தார் தொலைபேசியில் கூற, டச்சு பேசும் மற்றொரு நிலையத்தார்க்கு அது விளங்காமற் போயிற்று. வெள்ளையர் நாட்டிலும் புரியாத சொல் கொல்லத்தான் செய்தது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் அதன்பின் ஒரே மொழியை எவர் தலையிலும் கட்டவில்லை. 2007-ஆம் ஆண்டின் ஒட்டுநர் உரிம நெறிமுறைப்படி, எந்த நாட்டுப் பாதையில் வண்டி ஓட்டுகின்றாரோ அந் நாட்டுப் பாதைத் துறையின் மொழியில் ஓட்டுநர் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். பிரெஞ்சு ஓட்டுநர் செருமனிக்குள் நுழைந்தால் செருமன் பேசவேண்டும். பாதை எவர் மண்ணில் கிடக்கின்றதோ அவர் மொழியே பாதையின் மொழி.

அவ்வளவு தொலைவு போவானேன்? பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் வேலைக்கு அம்மாநில மொழியறிவு கேட்கப்படுகின்றது. சிற்றூர் அஞ்சற்பணிக்குப் பத்தாம் வகுப்பு வரை உள்ளூர் மொழி படித்திருக்க வேண்டும். பணம் எண்ணித் தருவோர்க்கும் மடல் கொடுப்போர்க்கும் தமிழ் வேண்டுமாம். உயிரைக் காக்கும் கடவுக் காப்பாளர்க்கும் நிலையத் தலைவர்க்கும் வேண்டாவாம்! தேர்வையும் தாளளவில் நடத்திப் பயனில்லை. 2017-இல் அஞ்சல்துறைத் தேர்வொன்றில் அரியானாக்காரர்கள் தமிழ்ப்பாடத்தில் தமிழரையே விஞ்சி மதிப்பெண் பெற்றதாக வந்த செய்தி நாடறிந்தது. வாயால் பேசவைத்துத் தேர வேண்டும். கடவடியில் வேலை வாயால்தானே நடக்கின்றது!

இவ்வாறு கேட்பது வடநாட்டுத் தொழிலாளரைப் பகைப்பதன்று. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சாமளாபுரத்துத் தறிக்கூடங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடியாவிலிருந்தும் வந்த ஏழையர் உழைக்கின்றனர். தறி ஓட்டச் சொல் வேண்டும் என்பதால் அவர்கள் சில திங்களிலேயே 'பாவு' என்றும் 'ஊடை' என்றும் 'கூலி' என்றும் தமிழில் பேசக் கற்றுக்கொள்கின்றனர். எவர் அவர்களுக்குப் பள்ளி வைத்தார்? வேலை கேட்டது, வாய் கற்றது. அரசுச் சம்பளமும் குடியிருப்பும் பெறும் ஒருவரால் அது முடியாதென்று எவரும் சொல்லார். முடியும், கேட்பார் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் அதே கடவைக் கடப்பவர் அந்த ஒடியத் தொழிலாளரும்தாம்.

ஆகவே சேலம் கோட்ட அலுவலகத்திற்கு எழுதும் விண்ணப்பங்களில் நின்றுசெல்லும் வண்டிகளை மட்டும் சோமனூர், சாமளாபுரம் வட்டாரத்தார் கேட்டுக்கொண்டிருத்தல் போதாது. திருப்பூரிலிருந்து இருகூர் வரை எந்தெந்தக் கடவில் இணைபூட்டு இல்லை என்று கடவு எண்ணோடு கேட்கவேண்டும். அங்கெல்லாம் பெருக்குத்தொகை பாராமல் பூட்டு இடக் கேட்கவேண்டும். பூட்டு வரும்வரையிலும் வந்த பின்னும் கடவிலும் நிலையத்திலும் நிற்பவர் வாய்மொழித் தேர்வில் தமிழ் தேறியவராக இருக்கவேண்டும் என்று கேட்கவேண்டும். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும்; விடையும் தமிழிலேயே வரவேண்டும் என்று அதன் அடியில் எழுதுங்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ விடை வந்தால் அதனை வாங்கி வைத்துக்கொள்ளாமல், புரியவில்லை என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள்.