உபகாரமோ, ஊதியமோ?

ஒரு பொருளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர், அப்பொருளைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்தினைப் பல சமயங்களில் வெளிப்படுத்திவிடும். முதுமையால் வேலையினின்று விலகியவர்க்கு அளிக்கப்பெறும் பணத்தினை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்றனர். இக்காலத்தார் ‘ஓய்வூதியம்’ என்கின்றனர். முன்னைய தொடரில் உபகாரமும் சம்பளமும் ஒருங்கே நிற்கின்றன. உபகாரமாயின் அது கொடுப்போன் மனத்தைப் பொறுத்தது; விரும்பினாற் கொடுப்பான், வெறுத்தால் நிறுத்துவான். சம்பளமாயின் அது பெறுவோன் உழைப்பைப் பொறுத்தது. அதனைக் குறைத்துக் கொடுப்பது கடனைக் குறைத்துக் கொடுப்பதேயாம். இவ்விரண்டனுள் எது உண்மை என்னும் வினா சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் உழைத்து ஓய்வு பெற்று, முதுமையை அயல்நாட்டிற் கழிக்கும் ஏறக்குறைய நாலரை இலட்சம் பேருடைய அன்றாட வாழ்க்கை இவ்வினாவின் விடையைச் சார்ந்து நிற்கின்றது. அவர்க்குச் செய்யப்படுவது முறையன்று என்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பிரிட்டிஷ் அரசாங்கம் முதியோர்க்குப் பணம் வழங்கத் தொடங்கியது 1909ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலாகும். எழுபது வயது நிரம்பிய வறியோர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. பெற்றவர் அதற்கென முன்னர் ஒரு காசும் செலுத்தியவரல்லர். ஆதலின் அவர் இருபதாண்டு அந்நாட்டில் வாழ்ந்தவராயிருத்தல் வேண்டும், நன்னடத்தை உடையவராயிருத்தல் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. கொடுப்பது கொடையாதலின் கொடுப்போர் நிபந்தனை விதித்தனர். அதிற் குறை கூறுதற்கு இடமில்லை. ஆனால் 1925ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளரும் முதலாளியும் பணம் செலுத்தும் முறையைக் கொணர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசியக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று தொட்டு உழைப்போருடைய கூலியினின்று ஒரு பகுதி தவறாது பிடிக்கப்பட்டு வருகின்றது. எத்தனை ஆண்டு செலுத்தினாரோ அத்தனைக்கு ஏற்பவே ஓய்வூதியம் அமையும். செலுத்திய ஆண்டு குறையின் தொகையும் குறையும். அஃதாவது, உபகாரமாய்த் தொடங்கியது ஊதியமாய் மாறிவிட்டது. இம்மாற்றத்தை உள்ளத்தில் இருத்திக்கொண்டு மேற்செல்வோம்.

பிரிட்டிஷ் அரசாங்க ஓய்வூதியத்தை அந்நாட்டிற்கு வெளியே பெறுவோர் பதினோரிலட்சத்துக்கும் மேற்பட்டவர். இவர்களெல்லாம் இன்பம் தேடிச் சென்றவர்கள் என்று எண்ணுதல் தவறு. குளிருக்கு அஞ்சி, ஸ்பெயின் நாட்டு அலிகாண்டே மாகாணக் கடற்கரையில் வெயில் காயும் முதியோர் உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆயின் மகனோ மகளோ ஆஸ்திரேலியாவிற் குடியேறிவிட, பேரக் குழந்தைகளின் அருகில் இறுதிக் காலத்தைக் கழிக்கச் சென்ற மூதாட்டியரும் உளர். இளமையிற் பிழைப்புத் தேடிப் பிரிட்டனுக்குச் சென்று, முதுமையிற் பிறந்த மண்ணுக்கே மீண்டவரும் உளர். போன காரணம் யாதாயினும், அவரெல்லாம் ஒரே நிதிக்கு, ஒரே விதிப்படி, ஒரே அளவிற் பணம் செலுத்தியவரே.

இனி, அவர்க்கு நேர்வது யாது? பிரிட்டனில் வாழும் முதியோர்க்கு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்கின்றது. விலைவாசி உயர்வு, கூலி உயர்வு, நூற்றுக்கு இரண்டரை என்னும் மூன்றனுள் எது மிகுதியோ, அவ்வளவு உயர்த்துவது 2011 முதல் அந்நாட்டு அரசாங்கங்கள் கைக்கொண்டுவரும் கொள்கை. இடையே ஓராண்டு மட்டும் கூலிக் கணக்கு விடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், உடன்படிக்கையுள்ள வேறு சில நாடுகளிலும் வாழ்வோர்க்கும் அவ்வுயர்வு உண்டு. ஆனால் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா முதலிய நாடுகளில் வாழ்வோர்க்கு அஃதில்லை. அங்கிருந்து முதன்முதற் பெறத் தொடங்கிய நாளில் தொகை யாதோ, அதுவே இறக்குமளவும் தொகை. அது பனிக்கட்டி போல் உறைந்துவிடுகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்திற்கு 67.50 பவுன். அவ்வாண்டு ஓய்வு பெற்றுப் பிரிட்டனிலேயே தங்கியவர்க்கு 2025 ஏப்ரல் முதல் வாரத்திற்கு 176.45 பவுன் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்க்கோ, அன்றும் 67.50, இன்றும் 67.50. ஐந்தில் இரண்டு பங்கும் வரவில்லை. அறுபது வயதிற் போதுமானதாயிருந்த தொகை, உடல் தளர்ந்து மருந்துச் செலவு மிகும் எண்பத்தைந்தாம் வயதில் ஒன்றுக்கும் போதாததாகின்றது. முதுமை ஏற ஏற வறுமையும் ஏறுமாறு வகுக்கப்பட்ட ஏற்பாடு வேறொன்றுண்டோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது.

இவ்வேற்பாட்டில் நீதி இல்லாதது போலவே தருக்கமும் இல்லை. நயாகரா நீர்வீழ்ச்சியின் இருகரையிலும் நயாகரா என்னும் பெயருடைய நகரங்கள் உள. மேற்கே கனடா, கிழக்கே அமெரிக்க ஐக்கிய நாடுகள். இடையே ஒரு பாலம். அதனை நடந்தே கடக்கலாம். கிழக்குக் கரையில் வாழும் பிரிட்டிஷ் முதியவர்க்கு ஓய்வூதியம் உயரும்; மேற்குக் கரையில் வாழ்பவர்க்கு உயராது. ஜமைக்காவிற்கும் பார்படோஸுக்கும் மீண்டவர்க்கு உயரும். திரினிடாடுக்கு மீண்டவர்க்கு உயராது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆள் போதாமையால் பிரிட்டன் மேற்கிந்தியத் தீவினரை வரவேற்றது. அவர் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் ஒருங்கே பணி செய்தனர். உழைக்கும்பொழுது தீவுக்குத் தீவு வேற்றுமை காட்டிக் கூலியிற் பிடிக்கவில்லை. கொடுக்கும்பொழுது மட்டும் வேற்றுமை ஏன்? இன்னுமொரு விந்தை கேண்மின். தொகை உறைந்த முதியவர் ஒருவர் சில வாரம் பிரிட்டனுக்குப் பயணம் சென்று தங்குவாராயின், தங்கிய வாரங்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கேட்டுப் பெறலாம். திரும்பி விமானம் ஏறினால் தொகையும் பழைய நிலைக்கு இறங்கிவிடும். உழைத்த ஆண்டுகளின் பயன், நிற்கும் மண்ணைப் பொறுத்து ஏறுவதும் இறங்குவதுமாயின், அதனை ஊதியம் என்று எங்ஙனம் கூறுவது?

எதிர்க்கட்சியார் கூறும் நியாயங்களையும் நடுவுநிலைமையோடு ஆராய்தல் கடன். தென்னாப்பிரிக்காவிற் குடியேறிய அன்னெட் கார்ஸன் என்னும் மாது, இவ்வேறுபாடு முறையன்று என வழக்குத் தொடுத்தார். 2005இல் பிரபுக்கள் சபை அவர் வழக்கைத் தள்ளியது. பின்னர் அவரும் வேறு பன்னிருவரும் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற் கேட்டனர். 2010 மார்ச்சில் அந்நீதிமன்றமும், நீதிபதிகள் பதினொருவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமுமாக நின்று, வழக்கைத் தள்ளிற்று. செலுத்திய பணத்திற்கும் பெறும் ஓய்வூதியத்திற்கும் தனித்த நேர்த்தொடர்பு இல்லை. அத்திட்டம் உள்நாட்டாரின் தேவைக்கென அமைந்தது. வெளிநாட்டில் வாழ்வோர் நிலை உள்நாட்டார் நிலையோடு ஒப்பிடத்தக்கதன்று என்பன பெரும்பான்மையோர் காட்டிய காரணங்கள்.

தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்போம். ஆயினும் சட்டத்திற்கு முரண்படாதது வேறு, அறத்திற்குப் பொருந்துவது வேறு. செலுத்துவதற்கும் பெறுவதற்கும் தொடர்பில்லையாயின், செலுத்திய ஆண்டு குறைந்தவர்க்குத் தொகையைக் குறைப்பது ஏன்? வாங்கும்பொழுது கணக்குப் பார்ப்பவர் கொடுக்கும்பொழுது கணக்கில்லை என்பரோ? உள்நாட்டார் தேவைக்கென அமைந்த திட்டமாயின், ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் வாழ்வோர்க்கு உயர்த்துவது ஏன்? அதற்கு உடன்படிக்கை காரணம் என்பர். உடன்படிக்கை செய்வதும் செய்யாததும் அரசாங்கங்களின் செயல். அச்செயலின்மையின் பயனை எண்பது வயது மூதாட்டி ஏன் சுமத்தல் வேண்டும்?

செலவு மிகும் என்பது இரண்டாம் நியாயம். மிகும் என்பது மெய்யே. ஆண்டுதோறும் பல கோடிப் பவுன் வேண்டியிருக்கும். ஆனால் கொடுக்க வேண்டிய தொகை பெரிது என்பது கடனை மறுப்பதற்குக் காரணமாகாது. அன்றியும், அயல்நாட்டில் வாழும் முதியவர் பிரிட்டனின் மருத்துவமனைப் படுக்கையை நிரப்புவதில்லை. அந்நாட்டு முதியோர் இல்லங்களில் இடம் கேட்பதில்லை. அந்தச் சுமையை வாழும் நாடே தாங்குகின்றது. ஆஸ்திரேலிய அரசாங்கம் வறிய முதியோர்க்கு அளிக்கும் உதவியினால் பிரிட்டன் விட்ட குறையை நிரப்ப நேர்ந்தது. அதனை வெறுத்தே அந்நாடு, பிரிட்டனோடு செய்திருந்த சமூகக் காப்பு உடன்படிக்கையை 2001 மார்ச்சு முதல் நாளோடு முறித்துக்கொண்டது. கனடாவோ, தான் வழங்கும் ஓய்வூதியத்தை, பெறுவோர் எந்நாட்டில் இருப்பினும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியே தருகின்றது. ஒரு நாட்டாற் செய்யக்கூடியது மற்றொரு நாட்டாற் செய்யக்கூடாததன்று.

அறிந்தே சென்றார், ஆதலின் அனுபவிக்கட்டும் என்பது மூன்றாம் நியாயம். செல்லுமுன் விதியை ஆராய்ந்து செல்லுதல் அறிவுடையோர் செயல் என்பதை நாமும் ஒப்புகின்றோம். அயல்நாடு செல்லும் முதியோர், அந்நாட்டு மொழியையும் மருத்துவ வசதியையும் குடியுரிமை விதியையும் அறிந்தே செல்லல் வேண்டும். ஆயினும் தவறான விதியை முன்னரே அறிவித்துவிட்டமையால் அது சரியான விதியாகிவிடாது. மக்களோடு வாழும் ஆசையையும் பிறந்த ஊரில் இறக்கும் ஆசையையும் தண்டனைக்குரிய குற்றங்களாக எண்ணுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இவ்வநீதி இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. குறை உடையவர்க்கு வாக்குரிமை இல்லாதிருந்தது. பதினைந்தாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கலாகாது என்பது விதி. ஹாரி ஷிண்ட்லர் என்பவர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிற் போர் புரிந்தவர். ஓய்வு பெற்றபின் 1982இல் அந்நாட்டிலேயே குடியேறினார். அவர்தம் ஓய்வூதியம் உறைந்ததன்று; ஆயினும் வாக்குரிமையை இழந்தார். அதற்காக அவர் பல்லாண்டு போராடினார். 2013இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்திலும் அவர் வெற்றி பெறவில்லை. ஆனால் அவர் ஓயவில்லை. 2022ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டம் அப்பதினைந்தாண்டு விதியை நீக்கியது. அம்மாற்றம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தோ! ஷிண்ட்லர் 2023 பிப்ரவரியில், தம் நூற்றோராம் வயதில், அதனைக் காணாமலே கண் மூடினார். நீதிமன்றம் மறுத்ததைப் பார்லிமெண்டு வழங்கலாம் என்பதற்கு அவர் வரலாறே சான்று. ஓய்வூதியச் செய்தியிலும் இவ்வழி திறந்தே இருக்கின்றது.

பிரிட்டிஷ் முதியோர் குறையை நாம் பேசுவது எற்றுக்கு என்று வினவுவார்க்கு ஒரு விடை. தொகை உறையும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பதை மறத்தலாகாது. 1948இல் தோன்றிய பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணியில், நம் நாட்டு மருத்துவரும் செவிலியரும் பெருந்தொகையினராய்ச் சென்று உழைத்திருக்கின்றனர். முப்பதாண்டு இரவும் பகலும் பிறர் நாட்டு நோயாளிகளைப் பேணி, தலை நரைத்தபின் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ மீளும் செவிலி ஒருவரை எண்ணிப் பார்மின். அவரோடு ஒரே கூடத்திற் பணி செய்து, ஒரே தொகை செலுத்தி, ஸ்பெயினுக்குச் சென்ற தோழிக்கு ஆண்டுதோறும் உயர்வு; சொந்த ஊருக்கு வந்த இவர்க்கு இல்லை. இன்று நம்மோடு கல்வி கற்போருள்ளும் நாளை கடல் கடப்போர் பலர். ஆதலின் இது பிறர் குறை அன்று.

செய்யத்தக்கது யாது? கடந்துபோன ஆண்டுகளின் பாக்கி முழுவதையும் கேட்பது நியாயமே; ஆயினும் அது கைகூடுதல் அரிது. இக்குறையை எடுத்துரைக்கும் முதியோர் சங்கத்தாரே, பழம் பாக்கியைக் கேளாது, இனி வரும் உயர்வுகளையேனும் தருக என்று இறங்கி வந்திருக்கின்றனர். இதனினும் எளிய வேண்டுகோள் இல்லை. இதனையும் மறுப்பின், அவ்வரசாங்கம் ஓய்வூதியத்தை இன்னும் 1909ஆம் ஆண்டின் கொடையாகவே கருதுகின்றது என்றே கொள்ளல் வேண்டும். கொடையாயின், உழைப்போர் கூலியிற் பிடிப்பதை நிறுத்துக. பிடிப்பதாயின், எந்த மண்ணில் நிற்பினும் உழைத்தவர்க்கு உரியதை உயர்வோடு கொடுத்திடுக. உழைப்பைப் பெற்றுக்கொள்ளும்பொழுது ஊதியம் என்றும், திருப்பிக் கொடுக்கும்பொழுது உபகாரம் என்றும் இரு பெயரிட்டு வழங்குதல் ஒரு பெருநாட்டிற்கு அழகன்று.