பேஸ்போல் அடியில் தோளின் இடம்

அமெரிக்கர் பெரிதும் போற்றும் பேஸ்போல் விளையாட்டிலே, பந்தைத் தொலைதூரம் செலுத்துவது தோள்வலிமையே என எண்ணுவார் பலர். அஃது அரைகுறை உண்மை என்பதே எமது துணிபு.

எறிவோன் நிற்கும் பலகைக்கும் அடிப்போனுடைய தட்டுக்கும் இடைத்தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் விடுக்கப்படும் பந்து ஏறத்தாழ 0.4 செக்கனில் அடிப்போனை வந்தடையும். இச்சிறு பொழுதிலே ஆற்றலானது நிலத்தில் ஊன்றிய கால்களிற் பிறந்து, இடுப்பு, தோள், கை, மட்டை என முறையே ஏறிச் செல்லல் வேண்டும். இடுப்பு முன்னே திரும்பத் தோள் கணப்பொழுது பின்தங்குமாயின், இடையுடல் முறுக்கிய கயிறுபோலாகித் தோளை விரைந்து சுழற்றும். முன்தோள் அவசரப்பட்டு விலகின், அம்முறுக்கு வீணே அவிழ்ந்துபோம். வெளிப்புறமாக வரும் பந்தை எட்டுதலும் அரிதாகும்.

1941இல் .406 அடிவிகிதம் பெற்ற ரெட் வில்லியம்ஸ், 1970இல் வெளிவந்த தமது நூலில் இடுப்பே முந்தவேண்டுமென வற்புறுத்தினார். தாழ்ந்துவரும் பந்தை எதிர்கொள்ள, மட்டை சிறிது மேனோக்கிச் செல்லவேண்டும் என்பதும் அவர் கொள்கை. அங்ஙனமாயின் பின்தோள் சற்றே தாழ்தல் இயல்பேயன்றிக் குற்றமன்று. எனினும், "தோளைத் தாழ்த்தாதே" எனச் சிறுவரைத் தடுக்கும் பயிற்றுநர் இன்றும் உளர். அத்தடையாற் சிறுவர் உடலை மறந்து கைகளால் மட்டுமே அடிக்கப் பழகுவர். பழகியபின் மாற்றுதல் எளிதன்று.

ஆதலின், தோளைப் பருக்கச் செய்யுமுன் அது காத்திருக்கவேண்டிய தருணத்தைக் கற்பித்தலே பயிற்றுநரின் முதற்கடன் என்போம்.