மாதம் 30 சதவீதமா?



குறுகிய காலத்தில் பணக்காரராக்கும் திட்டத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். வங்கி சாரா நிதி நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரத்திலோ மாதத்துக்கே 25 முதல் 30 சதவீதம் என்று ஆசை காட்டினார்கள். எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம் கிடைக்கும்?

2012இல் பெருந்துறைப் பக்கம், இப்படியே ஆசை காட்டிப் பணம் திரட்டிய ஈமு பண்ணைகள் நொடித்தபோது, தீவனம் போட ஆளில்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன. இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்ந்தவருக்குத் தவணை ஒழுங்காக வந்ததே என்பார்கள். அது பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவரின் முதல்தான். பணம் கட்டும் முன், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

- வாசகர், ஈரோடு