சத்தம் போடாத திரவமே ஆபத்து

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பழைய கார்களுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா இன்றும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறது. அதற்கும் மூத்த மோரிஸ் மைனரைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு கார் உங்கள் வீட்டில் இருந்தால், அது போடும் ஒவ்வொரு சத்தமும் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். நல்லதுதான். ஆனால், சத்தத்தை மட்டும் நம்பிக் காரைப் பராமரிப்பது போதாது.

முதலில் சத்தத்தின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். காரை நிறுத்திவைத்து எஞ்சினை முறுக்குங்கள். சத்தமும் சேர்ந்து கூடினால் கோளாறு எஞ்சின் பக்கம். கார் ஓடும்போது மட்டும் வேகத்தோடு கூடினால் சக்கர பேரிங், டயர் பக்கம். கிளட்சை மிதித்ததும் சத்தம் மறைந்தால் கியர்பெட்டியைச் சந்தேகியுங்கள். சாகாவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது ‘டக், டக்’ என்று வந்தால் முன்சக்கரத்துக்குச் சுழற்சி தரும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். மெல்லிய ‘டிக், டிக்’ பெரும்பாலும் வால்வு இடைவெளி. அடியிலிருந்து கனமாக இடிக்கும் சத்தம் வேறு. அது கிராங்க் பேரிங் தேய்வாக இருக்கக்கூடும். உடனே எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

இடிக்கும் எஞ்சினில் தடித்த ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கும். தேய்மானம் அடங்காது. சத்தத்தை மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

ஆனால், எந்தச் சத்தமும் போடாமல் கெட்டுப்போகும் ஒரு திரவம் உண்டு. நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். மலாயிலும் ‘மிஞ்ஞாக் பிரேக்’தான். பெயரே தவறு. அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆன அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரமும் சதுப்பு நிலமும் சூழ்ந்த நம் வட்டாரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா?

டாட் 3 தரத்தின்படி, புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தோட்டத்துச் சமநிலச் சாலையில் பிரேக் அவ்வளவு சூடாகாது. குறை வெளியே தெரியாது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பிரேசர் மலைக்குப் போய் இறங்கும்போதுதான் சோதனை. தொடர்ந்து பிரேக் மிதிக்க, திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. சூடு ஆறியதும் மிதி பழையபடி இறுகிவிடும். மறுநாள் பட்டறையில் பார்த்தால் ‘பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்பார்கள்.

தவறான பெயரால் இன்னொரு கேடும் உண்டு. ‘ஆயில்தானே’ என்று எஞ்சின் ஆயிலை பிரேக் தொட்டியில் ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் புதிதல்ல. ஒரு ரப்பர் வளையத்தை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

எஞ்சின் ஆயிலை மாற்றத் தவறாத நாம், பிரேக் திரவத்தைக் குறைந்தால் மட்டும் ஊற்றுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் வடித்துவிட்டு, மூடி பிரிக்காத புதிய புட்டியிலிருந்து நிரப்பி, குழாயில் காற்றில்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் புட்டி வேண்டாம். அதிலும் ஈரம் ஏறியிருக்கும். சாகாவுக்கு டாட் 3 அல்லது டாட் 4 போதும். சிலிகான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. திரவம் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வல்ல. வடித்த திரவத்தைக் கால்வாயில் கொட்டாதீர்கள்.

சொந்தக் காருக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது யாரும் பிரேக்கைச் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு உரிமையாளரிடமே விடப்பட்டிருக்கிறது. ஆகும் செலவோ ஒரு புது டயரின் விலைகூட இல்லை. தீபாவளிக்குக் காரைக் கழுவி மெழுகு பூசும் முன், பானெட்டைத் திறந்து பிரேக் தொட்டியைப் பாருங்கள். உள்ளே இருப்பது காப்பி நிறத்தில் இருந்தால், அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். தெளிவாக இருந்தாலும், கடைசியாக மாற்றிய தேதி நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.