சிறு சொற்களின் பெரும் பொறுப்பு

திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மீதேறி மறைபொருளை யாவருக்கும் வெளிப்படுத்தியவர் என்று போற்றப்படும் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இன்று அவ்வூரையும் ஒரகடத்தையும் சுற்றி யந்திரசாலைகள் எழுந்துள்ளன. ஜெர்மானியக் கம்பெனியாகிய டெய்ம்லர் 2012-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் லாரித் தொழிற்சாலை திறந்தது. பல தேசத்தார் கூடித் தொழில் செய்யும் இத்தகைய இடங்களில் ஆராய்ச்சிக் குறிப்புக்களைப் பாஷை விட்டுப் பாஷை மாற்றுவது விளையாட்டுக் காரியமன்று.

பெரிய சாஸ்திரப் பெயர்களை மொழிபெயர்ப்பதே கடினம் என்று நினைப்போர் உண்டு. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. ஆபத்தெல்லாம் அன்றாடச் சிறு சொற்களில்தான். இங்கிலீஷில் 'ஈவென்சுவலி' என்றால் 'முடிவில்' என்று பொருள். அதன் உடன்பிறப்பைப் போலத் தோன்றும் ஜெர்மானிய 'எவென்டுவெல்' என்பதற்கோ 'ஒருவேளை' என்று பொருள். "முடிவில் இரும்பு விரிசல் காணும்" என்று ஒருவர் எழுதியதை, "ஒருவேளை காணும்" என்று மற்றவர் பெயர்த்தால் விளைவு என்னவாகும்? எண்களும் இதற்குத் தப்பவில்லை. 1,250 மில்லிமீட்டர் என்பது நமக்கு ஒன்றேகால் மீட்டர். ஜெர்மானியருக்கோ ஒன்றேகால் மில்லிமீட்டர்! அவர்கள் தசமத்தைக் காற்புள்ளியால் குறிக்கிறார்கள்.

இத்தனை சங்கடத்திலும் ஜெர்மானியர் தம் பாஷையைக் கைவிடவில்லை. பிராணவாயுவை அவர்கள் 'ஸாவர்ஷ்டோஃப்', அதாவது 'புளிப்புப் பொருள்' என்று வீட்டுச் சொல்லாலேயே அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. 1916-ஆம் ஆண்டிலேயே ராஜாஜி முதலியோர் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். அதன் பின் பெயர்ச்சொற்கள் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. ஆராய்ச்சியின் வாக்கியங்களிலோ நாம் இன்னும் தடுமாறுகிறோம். 'சிக்னிஃபிகன்ட்' என்று புள்ளிவிவர நிபுணர் சொன்னால், 'தற்செயலால் மட்டும் இவ்வாறு நேர்வது அரிது' என்பதே கருத்து. நாமோ 'முக்கியமானது' என்று எழுதி, அற்பப் பலனுள்ள மருந்தையும் அமிர்தமாக்கி விடுகிறோம். "இம்மருந்தால் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை" என்பது ஒன்று. "தீங்கில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்பது முற்றிலும் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் க்ஷேமமே அடங்கியிருக்கலாம்.

ஆகவே நம் தொழிற்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை கூறுவோம். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் மாணாக்கர்கள் தமிழில் இரண்டே வாக்கியங்கள் எழுதட்டும்: கண்டது என்ன? அது எவ்வளவு நிச்சயம்? இரண்டாவது வாக்கியத்தைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவனே சாஸ்திரம் கற்றவன். அவன் கையில் எந்தப் பாஷையின் குறிப்பையும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.