நானோ துகள்களும் நோயாளிகளின் நம்பிக்கையும்

நானோ துகள்கள் புற்றுநோயை அழிக்கும் என்ற செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். வீட்டில் நோயாளி ஒருவர் இருந்தால், அது வெறும் அறிவியல் செய்தியாக நின்றுவிடுவதில்லை. ஒரு வாக்குறுதியாகவே நம் காதில் விழுகிறது. எனவே அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறு நானோமீட்டர். அந்த அளவிலான துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, காந்தப் புலம், ஒளி அல்லது கதிர்வீச்சால் வெளியிலிருந்து தூண்டுவதே இம்முறை. இதனால் நலமான பகுதிகளுக்குச் சேதம் குறையும் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு.

ஜெர்மனியின் பெர்லினில் இருந்த மாக்ஃபோர்ஸ் நிறுவனம், மூளைக் கட்டிக்குள் செலுத்திய இரும்பு ஆக்சைடு துகள்களை, நொடிக்கு ஓர் இலட்சம் முறை மாறும் காந்தப் புலத்தால் சூடேற்றியது. 2010ல் ஐரோப்பாவில் அனுமதியும் பெற்றது. 2011ல் வெளியான ஆய்வில், நோய் திரும்பிய 59 பேர் இச்சிகிச்சையைக் கதிர்வீச்சுடன் சேர்த்துப் பெற்றனர். நோய் திரும்பியது தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் 13.4 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். இது ஆறுதலானதே. ஆனால், இச்சிகிச்சை பெறாத மற்றொரு குழு அந்த ஆய்வில் இல்லை. பழைய ஆய்வுகளின் கணக்கோடுதான் ஒப்பிட்டனர். துகள்கள் தங்கிவிடுவதால் எம்.ஆர்.ஐ. படமும் தெளிவாகக் கிடைக்காது. 2022ல் அந்நிறுவனமே திவாலானது.

பிரான்சின் நானோபயோடிக்ஸ் நிறுவனம் ஹாஃப்னியம் ஆக்சைடு துகள்களைப் பயன்படுத்துகிறது. கதிர்வீச்சு படும்போது அதன் ஆற்றலை இவை கட்டிக்குள் பெருக்குகின்றன. 2019ல் வெளியான ஆய்வில், மென்திசுப் புற்றுநோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்குக் கட்டி ஏறக்குறைய முழுமையாக அழிந்தது. துகள்களும் பெற்றவர்களில் அது 16 விழுக்காடு. இரு மடங்குதான். ஆயினும் நூற்றில் 84 பேருக்கு அந்தப் பலன் கிட்டவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்லும் உண்மை.

இத்தகைய செய்தியை நோயாளியிடம் எடுத்துச் செல்லுமுன் நாம் கேட்க வேண்டியவை மூன்று. எந்த வகைப் புற்றுநோய்க்கு? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? இவற்றைக் கேளாமல் ஆசை காட்டினால், நடக்கும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்களும், நிலத்தை விற்று அலைபவர்களும் நம் உறவினர்களாகவே இருப்பார்கள். அதைவிட, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க அவர்களோடு நாமும் சென்று, இக்கேள்விகளை அவரிடமே கேட்போம்.