எழுதப்பட்டவர்களின் தீர்ப்பு

“தொழிலாளி படிக்க மாட்டான், விவசாயக் கூலிக்குப் புத்தகம் எதற்கு?” என்றொரு பேச்சு நெடுநாளாக நடமாடி வருகிறது. அன்று பண்ணையார்கள் திமிரோடு சொன்னார்கள். இன்று படித்த கனவான்கள் அனுதாபத்தோடு சொல்கிறார்கள். கையில் செல்போன் வந்துவிட்டது, இனி எவன் புத்தகத்தைத் தொடப் போகிறான் என்கிறார்கள். திமிரோடு சொன்னால் என்ன, அனுதாபத்தோடு சொன்னால் என்ன, பொருள் ஒன்றுதான். எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம். எழுதப்படுகிறவர்கள் வேறொரு கூட்டம். எழுதப்பட்டவனிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை!

நாம் கேட்டோம். பஞ்சாலைப் பகுதிகளிலும் கீழத்தஞ்சை கிராமங்களிலும் சங்க வேலையாகப் போகும் இடமெல்லாம், என்ன படித்தீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டு வருகிறோம். எல்லோரும் படிக்கிறார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். 12 மணி நேரம் மிஷினோடு நின்றவனுக்குக் கண் சொருகத்தான் செய்யும். ஆனால் படித்தவர்கள், படிக்கக் கேட்டவர்கள் சொல்லும் தீர்ப்பு இருக்கிறதே, அதைப் பெரிய பத்திரிகைகளின் மதிப்புரைகளில் காண முடியாது.

மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தோழர் தொ. மு. சி. ரகுநாதன் தமிழாக்கிய அந்த நாவலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் மே தின ஊர்வலத்தைத்தான் சொல்வார்கள். ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் தோழர்களின் மனதில் தைத்திருப்பது வேறு இடம். ஆலையைச் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தை வற்ற வைக்கப் போகிறோம் என்று சொல்லி, கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்கிறது நிர்வாகம். நிலம் வற்றினால் லாபம் யாருக்கு? இந்த இடத்தைப் படித்ததும் ஒரு பெண் தொழிலாளி தன் சம்பளச் சீட்டை எடுத்து விரித்தார். சாப்பாட்டுப் பிடித்தம், ஹாஸ்டல் பிடித்தம், இன்னும் என்னென்னவோ பிடித்தம். “ருஷ்யாவிலே நூறு வருஷத்துக்கு முந்தி எழுதினவருக்கு நம்ம மில்லுச் சீட்டு எப்படிக் கிடைச்சுது?” என்று கேட்டார். இதற்கு மேல் ஒரு விமர்சகர் என்ன சொல்லிவிட முடியும்?

கோவைப் பக்கம் அதிகம் பேசப்படும் இன்னொரு புத்தகம் ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேளின் தமிழாக்கம் 2007-ல் வந்தது. 2013-ல் வெளிவந்த ‘பரதேசி’ படத்துக்கு மூலம் இதுதான். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களிடம் மேஸ்திரி வருகிறான், முன்பணம் கொடுக்கிறான், மலைக்குக் கூட்டிப் போகிறான். பிறகு காய்ச்சல், கடன், சாவு. படம் பார்த்து அழுதோம், புத்தகம் படித்ததும் கோபம் வந்தது என்றார் ஒரு தோழர். மேஸ்திரியின் கணக்கு எப்படி ஏறுகிறது, முன்பணம் எப்படித் தீராமலே போகிறது என்பதைப் புத்தகம் ஆற அமரக் காட்டுகிறதாம்.

அதே கூட்டத்தில் நடந்த விவாதம் குறிப்பிடத்தக்கது. “வடக்கத்தியான் வந்து நம்ம வேலையைப் பறிக்கிறான்” என்று சில நாட்களாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, கடைசி அத்தியாயம் படித்து முடித்ததும் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் கண்டிராக்டர் கூட்டி வருகிறானே, அவனும் இந்த நாவலில் வரும் கருப்பன்தான். நம் பாட்டன் மலை ஏறினான், அவன் ரயில் ஏறினான் என்று. நமது பத்துப் பொதுக்கூட்டங்கள் செய்யாத வேலையை ஒரு புத்தகம் செய்திருக்கிறது!

எல்லாமே பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியில் நிற்பவனின் பாடு சத்தியமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் தலையணை போலக் கனக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்து போகிறது என்று குறையும் சொல்கிறார்கள். நம்மவர் எழுதியது என்பதற்காகச் சலுகை காட்டாத தீர்ப்பு! இது நல்ல அறிகுறி.

கீழத்தஞ்சைக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். இந்தக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-ல் ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977-ல் சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது. பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக முன்னே நிறுத்துகிறது அந்த நாவல். நடவு வேலை பார்க்கும் ஒரு மூதாட்டிக்குப் பேத்தி இதைப் படித்துச் சொன்னபோது, “அப்படின்னா அந்தக் குறை இல்லாத பண்ணைங்க எல்லாம் நமக்குக் கேட்ட கூலி குடுத்தாங்களா?” என்று கேட்டாராம். அரை நூற்றாண்டு விவாதத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் அந்த அம்மாள்!

மறுத்துப் பேசிய தோழரும் உண்டு. அந்த நாவல் வந்ததால்தான் டில்லி வரைக்கும் வெண்மணி என்ற பெயர் போயிற்று, அதை மறக்கலாமா என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பெயர் போனது உண்மை. காரணம் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. 1999-ல் சோலை சுந்தரபெருமாள் எழுதிய ‘செந்நெல்’ நாவலை அதே ஜனங்கள் தங்கள் கதை என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதில் கூலி இருக்கிறது, சாதி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, தங்கள் வாய்ப்பேச்சும் இருக்கிறது என்கிறார்கள்.

இது வெறும் கதை விவகாரமா? இல்லை தோழர்களே. வெண்மணி வழக்கில் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்றம், பெரும் நிலம் படைத்த செல்வந்தர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று சொல்லி அவர்களை விடுவித்தது. அதுவும் ஒருவர் எழுதிய எழுத்துத்தானே? நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதைப் படிக்காமலும், படித்தால் வாய் திறக்காமலும் இருந்தால், அவர்கள் எழுதியதே சரித்திரமாகிவிடும்.

ஆகவே வேலையைத் தொடங்குவோம். ஒவ்வொரு கிளையும் பணம் திரட்டி மாதம் ஒரு புத்தகம் வாங்கட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் விலகி நிற்க வேண்டாம். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட வழக்கம் நம்முடையது. புத்தகத்தையும் அப்படியே படிப்போம். செல்போனைச் சபிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒருவர் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரும் கேட்கலாம்.

நூலகத்தையும் விடக்கூடாது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். வேலை முடிந்து வருகிறவன் பூட்டைப் பார்த்துத் திரும்புவது என்ன நியாயம்? மாலையில் திறந்து வை, நாங்கள் கேட்கும் புத்தகத்தை வாங்கு என்று மனுக் கொடுப்போம். சங்கத்தின் கோரிக்கைகளில் இதையும் சேர்ப்போம்.

படித்த பின் உங்கள் அபிப்பிராயத்தை நாலு வரியில் எழுதி நமக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். பிடித்தது, பிடிக்காதது, பொய் என்று பட்டது, எதையும் மறைக்க வேண்டாம். நூல் நூற்கிற கையும் நாற்று நடுகிற கையும் தீர்ப்பு எழுதத் தொடங்கட்டும்!